கடலே இல்லாத ராஜபாளையத்தில் கரைப்பறவையா? வற்றிய கண்மாய்க்குள் நடக்கும் 28 நாள் போராட்டம்

மே மாதம், மதியம் 12 மணி. தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது கண்மாய். ஒரு ஓரத்தில் பசங்க ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். இன்னொரு பக்கம் ஜேசிபி வண்டல் அள்ளுகிறது, டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி ஆட்டுக் கிடை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கோடையில் போனவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

இதே காட்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கலாம். மண் நிறத்தில், கரும்புள்ளிகளோடு நான்கு முட்டைகள். கூடு என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றி நாலைந்து கூழாங்கல், கொஞ்சம் ஆட்டுப்புழுக்கை. அவ்வளவுதான். முட்டையிட்ட பறவை ஆள்காட்டி. ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அந்தப் பெயர். பேச்சுவழக்கில் ஆக்காட்டி.

ஆள்காட்டியும், கடற்கரையில் ஓடித்திரியும் உப்புக்கொத்தியும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் 'ஷோர்பேர்டு' என்று மொத்தமாகச் சொல்லப்படும் கரைப்பறவைகள். பெயரில் கரை இருப்பதால் கடல் வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றுக்குத் தேவை தண்ணீரும் வெறும் தரையும் சந்திக்கும் ஓர் இடம். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ராஜபாளையத்தில் அந்த இடம் கண்மாய்.

உலகின் பல கடற்கரைகளில் இந்த மாதிரி தரைக்கூடுகளுக்கு மனிதர்கள் ஷிஃப்ட் போட்டுக் காவல் இருக்கிறார்கள். வற்றிய கண்மாயில் அதே பறவைக் குடும்பத்துக்கு அதே ஆபத்து இருக்கிறது. காவல் எங்கே?

கச்சேரியை நிறுத்திய ஒரு ஜோடி

2019-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் மான்ட்ரோஸ் கடற்கரையில் 'பைப்பிங் பிளவர்' என்ற உப்புக்கொத்தி ஜோடி ஒன்று முட்டையிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. சிகாகோவில் அந்த இனம் கூடு வைத்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மக்கள் அந்த ஜோடிக்கு மான்ட்டி, ரோஸ் என்று பெயர் வைத்தார்கள். தன்னார்வலர்கள் காலை முதல் மாலை வரை முறை வைத்து நின்றார்கள். அதே கடற்கரையில் ஒரு பெரிய இசை விழா நடக்க வேண்டியிருந்தது. கடைசியில் விழா ரத்தானது, பறவைகள் இருந்தன.

ஒரு ஜோடிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். கிரேட் லேக்ஸ் ஏரிப் பகுதியில் இந்தப் பறவையை அழிவின் விளிம்பில் உள்ளதாக 1986-ல் அறிவித்தபோது மிச்சம் இருந்தவை சுமார் 17 ஜோடிகள். கூடு கூடாகக் காவல் காத்து, கம்பி வலை போட்டு, கடற்கரையில் கயிறு கட்டி, 2024-ல் அந்த எண்ணிக்கை 80 ஜோடியைத் தாண்டியது. 38 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வேகமான வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. 'ஹூடட் பிளவர்' என்ற பறவைக்காக பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா அமைப்பு 2006 முதல் தன்னார்வலர்களைப் பயிற்சி கொடுத்து இறக்குகிறது. கூடு இருக்கும் மணலைச் சுற்றித் தற்காலிக வேலி, அறிவிப்புப் பலகை, நாயைக் கயிற்றில் பிடித்து வரச்சொல்லிக் கெஞ்சல். குஞ்சுகள் வெயிலுக்கு ஒதுங்க, கூரை மாதிரி சாய்த்த சின்ன மரப்பலகைகளும் வைக்கிறார்கள்.

ஹனுமன் பெயரில் ஒரு பறவை

நம் பக்கக் கடற்கரைக்கும் இப்போது சொந்தமாக ஒரு உப்புக்கொத்தி இருக்கிறது. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் முட்டையிடும் சின்ன உப்புக்கொத்தியை நெடுங்காலமாக 'கெண்டிஷ் பிளவர்' பறவையின் ஒரு கிளை என்றுதான் வைத்திருந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற பன்னாட்டுக் குழு மரபணு, உடல் அளவு, இறகு நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இது தனி இனம் என்று 2023-ல் அறிவித்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள ராமர் பாலத் திட்டுகளை நினைவில் வைத்து 'ஹனுமன் பிளவர்' என்று பெயர் சூட்டினார்கள்.

(ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது கூடுதல் நெருக்கம். ஊரை ஒட்டி நிற்கும் சஞ்சீவி மலையே அனுமன் தூக்கிப்போன மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை.)

தனி இனம் என்றானதும் கணக்கு மாறிவிடுகிறது. கெண்டிஷ் பிளவர் ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரவிய பறவை. ஒரு கரையில் குறைந்தால் இன்னொரு கரையில் இருக்கும். ஹனுமனுக்கு அந்த வசதி கிடையாது. இலங்கையும் தென்னிந்தியாவும்தான் அதன் முழு உலகம். அதுவும் மனிதர்கள் நடக்கிற, வண்டி ஓட்டுகிற, வலை காயப்போடுகிற வெறும் மணலில்தான் முட்டையிடுகிறது.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் தன்னார்வலர் காவல் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது ஆமை நடைதான். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இரவு இரவாக மணலில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. பறவைக்கும் அதையே செய்தால் என்ன? முடியாது. ஆமை முட்டையிட்டுவிட்டு கடலுக்குப் போய்விடும், சூட்டை மணலே பார்த்துக்கொள்ளும். பறவை முட்டைக்குத் தாயும் தகப்பனும் மாறி மாறி உட்கார வேண்டும். எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பெற்றோருக்குத் தெரியாது. அதனால் பறவைக் கூட்டுக் காவல் என்பது முட்டையைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள மனிதர்களைச் சமாளிக்கும் வேலை.

ஜனவரியில் கூட்டம், மே மாதம்?

தென் மாவட்டங்களில் பறவை ஆர்வலர்களுக்குப் பஞ்சம் இல்லை. ராஜபாளையத்திலிருந்து தெற்கே பஸ் ஏறினால் வரும் சிவகிரி, தென்காசி மாவட்டம். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி குளங்களில் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் 'தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறது. கல்லூரி மாணவர், ஆசிரியர், ஐடி ஊழியர் என்று ஆண்டுதோறும் ஆட்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். தமிழகப் பறவை ஆர்வலர்களின் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-ல் தொடங்கியது. வனத்துறையும் மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நீர்ப்பறவை, நிலப்பறவை கணக்கெடுப்புகளைத் தன்னார்வலர்களோடு நடத்துகிறது. ராஜபாளையத்தில் காட்டுயிர் ஆர்வலர்களுக்கென்றே பல ஆண்டுகளாக இயங்கும் ஓர் அமைப்பும் உண்டு.

இந்தப் பெரிய கணக்கெடுப்புகளில் நீர்ப்பறவைகளுக்கானவை நடப்பது குளிர்காலத்தில். காரணம் எளிது. அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் மாதிரி கண்மாய்களில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் நிற்கும், வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் சேர்ந்திருக்கும். பார்க்கவும் அழகு, எண்ணவும் வசதி.

ஆனால் ஆள்காட்டி முட்டையிடுவது மார்ச்சுக்கு மேல், ஆகஸ்ட் வரைகூட. வறண்ட பொட்டலை விரும்பும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, கண்மாய் மணலிலும் ஆற்றுப்படுகையிலும் குழி தோண்டும் பட்டாணி உப்புக்கொத்தி, புதர் நிழலில் அசையாமல் படுத்திருக்கும் கண்கிலேடி எல்லாமே கிட்டத்தட்ட இதே கோடைக் கோஷ்டிதான். ஆக, ஜனவரிக் கணக்கு ஒரு கண்மாயில் எத்தனை பறவை இருக்கிறது என்று சொல்லும். அவை குஞ்சு பொரித்து ஆளாக்குகின்றனவா என்று சொல்லாது. ஆள்காட்டி பல ஆண்டு வாழக்கூடிய பறவை. குஞ்சே தப்பிக்காவிட்டாலும் சில வருடம் எண்ணிக்கை அப்படியே இருப்பது போலத்தான் தெரியும். குறைவது தெரியும்போது தாமதமாகியிருக்கும்.

இந்தப் பகுதியில் கவனம் மலை மேல் போய்விடுவதும் ஒரு காரணம். 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டின் ஐந்தாவது. புலி, யானை, அணில் என்று மேலே பார்க்க நிறைய இருக்கும்போது, அடிவாரத்தில் வெடித்துக் கிடக்கும் கண்மாயை யார் குனிந்து பார்ப்பார்கள்?

95 மார்க் வாங்கியும் ஃபெயில்

தரைக்கூட்டைக் கவனிப்பதில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் தன்னார்வலர் திரும்பத் திரும்பப் போக வேண்டியதன் காரணமே இதுதான்.

ஒரு உதாரணம். நீங்கள் 20 கூடுகளைக் கண்டுபிடித்தீர்கள். அதில் 10 அழிந்தன, 10 பொரித்தன. வெற்றி 50 சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே, முதல் வாரத்திலேயே நாயோ காக்கையோ தூக்கிப்போன கூடுகள் உங்கள் கணக்கில் வரவே வராது. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்த கூடுதான் கண்ணில் படும். அதனால் கையில் கிடைக்கும் சதவீதம் எப்போதும் உண்மையைவிட அழகாக இருக்கும்.

இதற்கு வழி சொன்னவர் ஹெரால்ட் மேஃபீல்ட் என்ற அமெரிக்கர், 1961-ல். அவரே தொழிலால் பறவை விஞ்ஞானி அல்ல, ஆர்வலர்தான். கூடுகளை எண்ணாதே, கூடு கவனிப்பில் இருந்த நாட்களை எண்ணு என்றார் அவர். அந்த 20 கூடுகளையும் சேர்த்து மொத்தம் 200 நாட்கள் கவனித்திருந்தால், 200 நாளில் 10 இழப்பு. அதாவது ஒரு கூடு ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 5 சதவீதம், தப்பிக்கும் வாய்ப்பு 95 சதவீதம். 95 நல்ல மார்க் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆள்காட்டி சுமார் 28 நாள் அடைகாக்க வேண்டும். 28 நாளும் தினம் தினம் அந்த 95-ஐத் தாண்ட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் கடைசியில் 100 கூட்டில் 24-தான் மிஞ்சும். 50 இல்லை, 24.

இதையே தலைகீழாகவும் பார்க்கலாம். அந்த 95-ஐ 98 ஆக்கினால் போதும், 28 நாள் முடிவில் 57 கூடு மிஞ்சும். ஒரு நாளைக்கு வெறும் 3 புள்ளி வித்தியாசம், இரண்டு மடங்குக்கு மேல் குஞ்சு. ஒரு கூட்டைச் சுற்றி வண்டியைக் கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொல்வது, கிரிக்கெட் பிட்ச்சைப் பத்தடி நகர்த்தச் சொல்வது எல்லாம் சில்லறை வேலையாகத் தெரியும். அந்த 3 புள்ளி அங்கேதான் கிடைக்கிறது.

எப்படிப் பார்ப்பது, எப்படிப் பார்க்கக் கூடாது

கூட்டைத் தேடி யாரும் தரையை அலச வேண்டாம், மிதித்துவிடுவோம். பறவையைப் பார்த்தால் போதும். தூரத்தில் கரை மேல் நின்று பைனாகுலரில் பார்க்கும்போது, வெறும் தரையில் ஆள்காட்டி ஒரே இடத்தில் அமுங்கி உட்கார்ந்திருந்தால் அங்கே முட்டை இருக்கலாம். தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். உப்புக்கொத்தி சிறகு ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் நொண்டினால், அது நடிப்பு. உங்களையே நாய் என்று நினைத்து வேறு திசைக்குக் கூட்டிப்போகிறது. அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றுதான்: நின்று, வந்த வழியே திரும்பி விலகிப் போவது. கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரமும் முக்கியம். விருதுநகர் மாவட்ட வெயிலில் அடைகாத்தல் என்பது சூடேற்றுவது மட்டும் இல்லை, சூடாகாமல் காப்பதும்தான். ஆள்காட்டி பக்கத்தில் தண்ணீர் இருந்தால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். மதியம் நீங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிற நேரமெல்லாம் அந்த முட்டைகள் நேர் வெயிலில் கிடக்கின்றன. அதனால் காலை அல்லது மாலை, தூரத்திலிருந்து, சில நிமிடம். நாலு நாளுக்கு ஒருமுறை என்றாலும் தேதி தவறாமல். இன்று பறவை உட்கார்ந்திருக்கிறதா, இல்லையா, பக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்ற மூன்று குறிப்பு போதும். மேஃபீல்ட் கணக்குக்கு அதற்கு மேல் தேவையில்லை.

கூட்டுக்குப் பக்கத்திலேயே கொடி நடுவது, கல் அடுக்குவது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தப்பு. காக்கை அதைக் கவனிக்கும். அடையாளம் வேண்டுமென்றால் தள்ளி இருக்கும் ஒரு கருவேல மரத்தை வைத்து 'அதிலிருந்து கிழக்கே 30 அடி' என்று எழுதிக்கொள்வது பழைய, நல்ல வழி. இ-பேர்டு செயலியில் பறவையைப் பதிவிடும்போது இனப்பெருக்கக் குறியீடு சேர்க்க இடம் இருக்கிறது: முட்டையுள்ள கூடு, திசைதிருப்பும் நடிப்பு, பறக்கத் தொடங்கிய குஞ்சு என்று தனித்தனியாக. அதை நிரப்பினால் 'ஆள்காட்டி 2' என்ற சாதாரணப் பதிவுக்குப் பல மடங்கு மதிப்பு கூடுகிறது. இன்ஸ்டாவில் லொகேஷனோடு கூட்டுப் படம் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே பறவை முட்டைகளைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும் அடங்கும். ஆனால் நடைமுறையில், தெரியாமல் டிராக்டர் ஏற்றியவர் மேல் சட்டத்தைக் காட்டி ஒரு பயனும் இல்லை. அவர் கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை.

நாய்க்குப் பெயர்போன ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் உலகம் முழுக்கத் தரைக்கூடுகளுக்கான காவலர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: நாயைக் கயிற்றில் பிடியுங்கள். நாய் முட்டையைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் ஓடித்திரிந்தாலே பறவை எழுந்துவிடும். மீதியை வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும்.

வண்டலா, முட்டையா?

இதில் உண்மையான இழுபறி ஜேசிபிதான். கண்மாயில் வண்டல் எடுக்கத்தான் வேண்டும். எடுக்காவிட்டால் கண்மாய் மேடாகும், தண்ணீர் நிற்காது, தண்ணீர் நிற்காவிட்டால் ஜனவரிப் பறவையும் வராது. விவசாயிக்கு அது உரம், மண்பாண்டம் செய்பவருக்கு அது பிழைப்பு. 2024-ல் தமிழக அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கி வண்டலை இலவசமாக எடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியதை ஊர்களில் வரவேற்றார்கள். முன்பு இதற்காக மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியிருந்தது.

சிக்கல், வண்டல் எடுக்க வசதியான மாதங்களும் பறவை முட்டையிடும் மாதங்களும் ஒன்றுதான் என்பது. இரண்டுக்கும் கண்மாய் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் எடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பறவை கேட்கும் இடமும் நாளும் ரொம்பக் குறைவு. ஏக்கர் கணக்கில் விரிந்த கண்மாயில் ஒரு ஜோடிக்குத் தேவை வண்டிச் சத்தம் கொஞ்சம் தள்ளிக் கேட்கும் ஒரு மூலை. அதுவும் வருடம் முழுக்க இல்லை, ஒரு மாதத்துக்கு. எங்கே அந்த மூலை என்று ஜேசிபி டிரைவருக்கு முதல் நாளே தெரிந்தால், அவர் எதிர்ப்பக்கம் தொடங்கி அங்கே கடைசியாக வரலாம். வண்டலும் குறையாது, நாளும் போகாது. அதைச் சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அது ஜனவரியில் பைனாகுலரோடு வந்தவராக இருக்கலாம், தினம் கிடை போடும் ஆட்டுக்காரராகவும் இருக்கலாம். பார்க்கப்போனால் கூடு எங்கே இருக்கிறது என்று ஆட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவின் வடக்கில் சம்பல் ஆற்றுத் திட்டுகளில் முட்டையிடும் 'இண்டியன் ஸ்கிம்மர்' பறவைக்குக் கரையோரக் கிராமத்தினரையே காவலர்களாகச் சேர்த்ததும் இந்த யோசனையில்தான். மணல் திட்டில் யார், எப்போது, எதற்காகக் கால் வைக்கிறார்கள் என்று அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

கண்மாய் சரிப்படாத ஆள்காட்டிகள் மாடிக்கும் ஏறுகின்றன. ஜல்லி பரப்பிய மொட்டை மாடிகளிலும், ரயில் தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள கருங்கல்லிலும் அவை முட்டையிட்ட பதிவுகள் இந்தியாவில் உண்டு. உங்கள் அபார்ட்மென்ட் மாடியில் கோடையில் ஓயாமல் ஒரு ஆள்காட்டி கத்தினால், வாட்டர் டேங்க் பக்கம் போகும் முன் கீழே ஒருமுறை பாருங்கள்.

ஆள்காட்டிக் குஞ்சுகள் கூட்டில் வாய் பிளந்து இரைக்குக் காத்திருக்கும் ரகம் இல்லை. பொரித்த சில மணி நேரத்தில், இறகு காய்ந்ததும் எழுந்து நடக்கும். ஆபத்து என்று தாய் குரல் கொடுத்தால் அப்படியே மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும். பறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாலும் பொட்டலில் இருக்காது. பெற்றோர் ஓடு துண்டுகளை அப்புறப்படுத்திவிட்டு, குஞ்சுகளைக் கரையோரப் புல்லுக்கும் மிச்சத் தண்ணீருக்கும் பக்கத்தில் கூட்டிப் போய்விடும். நான்கும் பொரித்த ஓரிரு நாளில் அந்தக் குழியில் கூழாங்கல்லும் புழுக்கையும்தான் கிடக்கும். பசங்க அங்கே மறுபடி ஸ்டம்ப் நடலாம்.